லிஃப்ட்காரர் லேசர் மாட்டிய கதை

அந்த அடுக்குமாடியில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். ஊரில் உள்ள சத்தத்தையெல்லாம் ஓட ஓட விரட்டுகிற மனிதர், தன் வீட்டுக்குள் மட்டும் ஒரு சத்தப் பிசாசை வளர்த்துவந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

பிசாசு என்பது பின்னறை மேசைமேல் இருந்த சி.என்.சி. மெஷின். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், தலையில் மாட்டிய மோட்டார் கட்டரைச் சுழற்றிக்கொண்டு அங்குமிங்கும் நகர்ந்து, பலகையில் அதை அப்படியே செதுக்கிவிடும். பொழுதுபோக்குக்கென்று ஆசை ஆசையாக வாங்கியது. அது போடுகிற கூச்சலில் அடுப்படிப் பாத்திரமெல்லாம் கிடுகிடுக்கும்.

அவர் மனைவியோ ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸம்மா. இவர் வேலை முடிந்து வீடு திரும்பும் மதியவேளைதான் அவருக்கு நடுச்சாமம். நோயாளிகளிடம் தேனாகப் பேசுகிற அந்த அம்மாள், தூக்கத்தில் எழுப்பிவிட்டால் வேறு ஆள். சின்ன வயதில் அவரை எழுப்பப் போன அண்ணன்மேல் பறந்த செருப்பைப் பற்றி உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு மதியம் நர்ஸம்மாவின் பொறுமை போய்விட்டது. தலைவிரிகோலமாகப் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

“ஏங்க, ஒண்ணு இந்த மெஷின் இருக்கணும், இல்ல நான் தூங்கணும். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாந்து தன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிருவாரு.”

“மச்சான் ஒத்துக்கிட்டாரா?”

“ஒத்துக்கிறதா? நான் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள எடத்தைக் கூட்டிப் பெருக்கிட்டாரு.”

நாற்காலி மேசை செய்யும் பட்டறைக்காரர் மச்சான். மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே அவருக்கு அதன்மேல் ஒரு கண். லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தப்பு தன்மேல் என்று அவருக்கே தெரியும். வேலைக்குப் போனாலும் மனசெல்லாம் பின்னறையிலேயே கிடந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கத்துவது மோட்டார்தானே? அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லேசரை மாட்டினால்? லேசர் மரத்தைச் செதுக்காது, சுட்டு எழுதும். அதற்கு வாயே கிடையாது. மறுநாளே கடையிலிருந்து ஒரு குட்டி லேசரோடு வந்து இறங்கினார். கூடவே பெட்டிக்குள் ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்று. அதைப் போடாமல் அந்த ஒளியைப் பார்த்தால் கண் போய்விடும்.

பூனைபோல நடந்து, திருகாணி கீழே விழுந்தால்கூடச் சத்தம் கேட்காதபடி மேசைக்கடியில் தலையணையைப் போட்டுக்கொண்டு வேலையை முடித்தார். முதலில் என்ன எழுதுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு வாசலில் மாட்ட ஒரு பலகை: “உஷ்! இரவெல்லாம் கண்விழித்த நர்ஸ் தூங்குகிறார். மணி அடிக்காதீர்கள்.” கூரியர்காரர், கேபிள்காரர், சர்க்கரை கேட்டு வரும் மாடிவீட்டம்மா என்று ஒருவர் விடாமல் மணியை அமுக்குகிறவர்கள்தான். இதுவரை தான் கெடுத்த தூக்கத்துக்கெல்லாம் இப்படியாவது ஈடு செய்யலாம் என்று நினைத்தார்.

பொத்தானை அமுக்கினார். லேசர் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பலகையிலும் ஒன்றுமே இல்லை. உற்றுப் பார்த்தால் தேநீர் சிந்தித் துடைத்த மாதிரி ஒரு கறை. சரி, மெதுவாகப் போனால் நன்றாகச் சுடும் என்று வேகத்தைக் குறைத்தார். அப்போதும் கறைதான். இன்னும் குறைத்தார். மெஷின் ஊர்ந்ததே தவிர எழுத்து வரவில்லை. கடைக்காரன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று கறுவியபோதுதான் பொறி தட்டியது. மெஷினுக்குள் இன்னும் பழைய மோட்டாரின் கணக்கே இருந்தது. லேசரின் முழு பலம் என்று கம்ப்யூட்டர் ஆயிரம் கேட்டால், பத்தாயிரம் சுற்று சுற்றும் மோட்டாரின் கணக்கில் அது சொற்பம்தானே என்று மெஷின் கிள்ளித்தான் கொடுத்திருக்கிறது.

“அட, மடையா!” என்று தன்னையே செல்லமாகத் திட்டிக்கொண்டு கணக்கை மாற்றினார். புதுப் பலகையை வைத்தார். தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒன்றை மறந்தார். குறைத்த வேகத்தை ஏற்றவில்லை.

முழு பலத்தில் ஆமை வேகம். “உஷ்” என்ற சொல் முடிவதற்குள் அறையே புகை. அவர் பாய்ந்து சிவப்புப் பொத்தானைத் தட்டி லேசரை அணைத்தார். அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த போர்வை ஒன்று அவர் தலையில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் தீயணைப்புப் பயிற்சி பெற்றவர் அல்லவா நர்ஸம்மா, தூக்கத்திலும் கை தவறவில்லை.

“சத்தம் போடாம வீட்டையே கொளுத்தப் பாக்குறீங்களா?”

போர்வைக்குள்ளிருந்து ஆரஞ்சுக் கண்ணாடியோடு தலையை மட்டும் நீட்டியவரைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு எட்டிப் பார்த்தது. பலகையை எடுத்தார். ஒரே ஒரு சொல், கரிக்கட்டையாக, மறுபக்கம் வரை துளைத்துக்கொண்டு. மீதியைக் கம்ப்யூட்டர் திரையில் படித்தார்.

“எனக்கா?” என்றார்.

“வேற யாருக்கு? இந்தப் பலகை வீணாப் போச்சு. வேற ஒண்ணு போடுறேன்.”

“வேணாம், இதுலயே போடுங்க. அந்த ‘உஷ்’ நல்லா உறைக்குது.”

வேகத்தை ஏற்றி, சன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தார்கள். இருப்பது ஒரே கண்ணாடி. அதை மனைவிக்குக் கொடுத்துவிட்டு லிஃப்ட்காரர் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

“வருதா?”

“வருது, வருது. ‘நர்ஸ்’ வந்தாச்சு. அய்யோ, எவ்ளோ அழகா சுழிக்குது! பேசாம இருங்க, நான் பாக்கணும்.”

மெஷின் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டே எழுதியது. வெளியே நின்றவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் அவ்வளவு ஆனந்தம் அவருக்கு அதற்கு முன் அந்த அறையில் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றது. தானே வரச் சொன்ன அண்ணனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நர்ஸம்மா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. லிஃப்ட்காரரும் கேட்கவில்லை. ஞாயிறு காலை மெஷினைத் துடைத்து, மோட்டாரையும் கட்டரையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்தார்.

கீழே லோடு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறக்கக் கிளம்பினார். பின்னாலிருந்து ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“உஷ்,” என்றார் நர்ஸம்மா. அன்று அவருக்கு விடுமுறை. குளித்து முடித்து, தலைவாரி, பளிச்சென்று விழித்திருந்தார். கணவரைக் கதவிலிருந்த பார்வைத் துளை அருகே இழுத்துக்கொண்டு போனார்.

வெளியே மச்சான். கூட ஓர் ஆள். மணியை அமுக்க நீண்ட மச்சானின் விரல் பாதியில் நின்றது. மணிக்குமேல் தொங்கிய பலகையைப் படித்தார். மறுபடி படித்தார். போனை எடுத்தார், யோசித்தார், சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூட வந்தவனுக்கும் சைகை காட்டிவிட்டு, நுனிக்காலில் படி இறங்கினார்.

இருவரும் சன்னலுக்கு ஓடினார்கள். கீழே மச்சானும் அந்த ஆளும் லோடு வண்டியை இஞ்சின் போடாமலே தெருமுனைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

“பாவம்ங்க அண்ணன். நாளைக்கு நானே போன் பண்ணிப் பேசிக்கிறேன்,” என்றார் நர்ஸம்மா. பையிலிருந்த பழைய மோட்டாரை எடுத்து அவர் கையில் வைத்தார். “வண்டி முனை தாண்டட்டும். அப்புறம் இதை மாட்டிப் போடுங்க. முழிச்சிருக்கும்போது அது எப்படித்தான் கத்துதுன்னு நானும் பாக்குறேன்.”