முழங்கால் பார்க்கும் ஆயா

பிள்ளையை வாங்கியதும் கொஞ்சுவதில்லை. பலகையில் மல்லாத்தி, இரண்டு முழங்காலையும் மடக்கிச் சேர்த்துப் பிடித்து உயரம் பார்ப்பாள். பிறகு தொடைகளை இரு பக்கமும் விரிப்பாள். இரண்டும் ஒரே அளவு விரிந்தால், "சரி, நீ போம்மா வெட்டுக்கு" என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாயை அனுப்பிவிடுவாள்.

ஆயாவின் ஞானஸ்நானப் பெயர் ஜெனவீவ். எங்கள் தோட்டத்து நாக்குகளில் அது சேனம்மாவாகத் தேய்ந்துவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை ஊருக்கு வடக்கே, முள்கம்பி வேலிக்குள் அடைபட்ட தோட்டம் எங்களுடையது. அதன் பிள்ளைக் கொட்டகைக்கு அவள்தான் ஆயா. குளிப்பாட்டும்போது பிள்ளையின் காலை இழுத்து நீட்டும் தாய்மார்களைக் கண்டால் சத்தம் போடுவாள்: "முருங்கக்காயா அது, நிமுத்துறதுக்கு? இடுப்புல ஒக்கார வையி. காலு ரெண்டும் ரெண்டு பக்கம் தொங்கட்டும்லா."

நான் அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும்; அதனால் எல்லாமே தெரியும் என்று நினைத்திருந்தவன். என் மனைவி தோட்டப் பள்ளி ஆசிரியை. எங்கள் மகள் தமயந்தியை ஏழாம் மாதத்தில் கொட்டகையில் விட்டோம். முதல் நாளே சேனம்மா சொன்னாள்:

"கிராணியையா, எடது காலு விரிய மாட்டேங்குது. தொட மடிப்பு ஒசர எறக்கமா இருக்கு. பெரியாஸ்பத்திரில காட்டுங்க."

"கொழுத்த பிள்ளைக்கு மடிப்பு இருக்கத்தான் செய்யும்" என்றேன். வீட்டுக்குப் போய் என் வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினேன். மடிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. வெற்றி எனக்கே என்று மூடி வைத்தேன். அந்தப் புத்தகம் முழுக்க மலேரியாவைப் பற்றியது என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்று வாரம் தினமும் அதையே சொன்னாள். நான்காம் வாரம் பிள்ளையை வாங்க மறுத்துவிட்டாள். "காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்." அவள் வேலைக்கு உலை வைக்கக்கூடியவனிடம் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை. துரைக்கு ஒரு புகார்க் கடிதம் தட்டச்சு செய்து, அவளிடம் காட்டி மிரட்டுவதற்காகவே கொட்டகைக்குப் போனேன்.

கடிதத்தை அவள் பார்க்கவே இல்லை. "மவுரீனு, இங்க வா" என்று கூப்பிட்டாள். பத்து வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் வாளியோடு வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. தண்ணீர் தளும்பிச் சிந்தியது.

"எம் மவ. இவளுக்கும் இப்படித்தான் மடிப்பு இருந்துச்சு. நடந்தா சரியாப் போயிரும்னாங்க." சேனம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடந்தா."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

கோலாலம்பூர் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தாமல் விலகியிருக்கிறது என்றார். "நல்லவேளை, நடக்கும் முன்பே கொண்டுவந்தீர்கள். யார் கண்டுபிடித்தது?"

"நாங்கள்தான்" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மயக்க மருந்து கொடுத்து எலும்பைக் குழியில் அமர்த்தி, கால்கள் தவளை போல விரிந்திருக்க, இடுப்போடு சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள். திரும்பும் வழியில் சாலைத் தடுப்பு. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் சிறை என்று சட்டம். காவலர் மாவுக்கட்டைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நான் ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, என் காலையும் தட்டிப் பார்த்தார்.

எட்டு மாதம் கட்டு. நடுவில் இரண்டு முறை மாற்றினார்கள். பகல் முழுக்க சேனம்மாதான் பார்த்துக்கொண்டாள். மூத்திரம் உள்ளே இறங்காமல் கட்டின் விளிம்பில் துணி செருகுவாள். அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பாள். கால்விரல்களைத் தொட்டுப் பார்ப்பாள். "வெரலு சில்லுன்னு நீலமாச்சுன்னா கட்டு இறுக்குதுன்னு அர்த்தம்" என்று எனக்கும் பாடம் எடுத்தாள். நான் தலையாட்டப் பழகியிருந்தேன்.

கட்டைப் பிரித்துப் பல மாதம் கழித்து, போன வாரம்தான் தமயந்தி தானாக நடந்தாள். நன்றி சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மருத்துவரிடம் சொன்ன பொய்யையும் அதில் சேர்த்திருந்தேன்.

"சேனம்மா, அன்றைக்கு நான்..." என்று தொடங்குவதற்குள் தமயந்தி என் விரலை விட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

"மறைக்காதீங்க ஐயா."

என்னைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, சேனம்மா சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைத் தரையோடு வைத்து, இரண்டு குதிகாலும் மாறி மாறித் தரையில் பதிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.