நல்ல காலிலும் ஒரு கோடு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் குடியிருந்தோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது. ரப்பர் வளையங்களைக் கயிறுபோலக் கோத்து இருவர் பிடிக்க, ஒருத்தி தாண்டும் ஆட்டம் தெருவெங்கும் நடந்த காலம். ஒரு மாலை அவள் தாண்டி இறங்கியபோது வலது பாதம் தெருவோர லோங்காங் விளிம்பில் பட்டு உள்பக்கமாக மடங்கியது. சாக்கடைக்குள்ளேயே விழுந்தாள்.

அவள் அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஓடினேன்.

"சுளுக்குதான் லா, எண்ண போட்டு உருவி விடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் லேசாகத் தொட்டதற்கே அவள் அலறிய அலறலில், என் கணவர் அவளைத் தூக்கித் தான் ஓட்டும் லோரியின் முன்சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

இரண்டு கணுக்கால்களையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர், நம்மவர்தான், படங்களை விளக்குப் பலகையில் மாட்டினார். இரண்டிலும் எலும்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

"டாக்டர், ரெண்டு காலுமா உடைஞ்சிருச்சு?" சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இல்லக்கா. அந்தக் கோடு எல்லாப் பிள்ளைங்களுக்கும் இருக்கும். அது குருத்து, அங்கிருந்துதான் எலும்பு வளருது. ஒப்பிட்டுப் பாக்கத்தான் நல்ல காலையும் எடுத்தோம். இந்தக் கால்ல பாருங்க, விரிசல் குருத்தையே வெட்டிக்கிட்டுப் போயிருக்கு. துண்டும் நகர்ந்திருக்கு."

நகர்ந்த துண்டை ஆபரேஷன் செய்து பொருத்தி, இரண்டு ஸ்க்ரூ வைத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். "எலும்பு கூடிரும். ஒழுங்கா வளருமான்னு இப்பச் சொல்ல முடியாது. தவறாம செக்கப் வாங்க" என்றார் டாக்டர்.

கட்டைப் பிரித்தார்கள். நடந்தாள், பிறகு ஓடினாள். செக்கப்புக்கு வெறும் சம்பிரதாயமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் ஒருநாள் புதுப் படத்தில் ஸ்கேலை வைத்து அளந்த டாக்டர், மறுபடியும் ஒரு முறை அளந்தார்.

"அடிபட்ட குருத்துல உள்பக்கம் வளர்றது நின்னு போச்சு. வெளிப்பக்கம் வளர்ந்துக்கிட்டே இருக்கு. இப்படியே விட்டா பாதம் உள்ள சாஞ்சிரும்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"வளர்ற பக்கத்தையும் நிறுத்திடணும்."

காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்தேன். யாரிடமும் குரல் உயர்த்தாத என் கணவர் எழுந்து நின்றார். "நல்லா வளர்ற எலும்பையா? என்ன டாக்டர் பேசுறீங்க?"

டாக்டர் கோபப்படவில்லை. மகள்தான் கேட்டாள்: "அப்ப இந்தக் கால் குட்டையாயிருமா?"

"கொஞ்சம். நீ ஏற்கெனவே நல்லா வளர்ந்துட்டம்மா, இனி வளரப்போறது கம்மிதான். சாஞ்சு போனா மூட்டே தேஞ்சிரும்."

அவள் யோசித்தாள். "சரி, செய்ங்க" என்றாள், எங்களைப் பார்க்காமல்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பிள்ளையின் வளர்ச்சியை நிறுத்த நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்ற நினைப்பு என்னை உலுக்கிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட முடியவில்லை.

பாதம் சாயவில்லை. வலது கால் அரை விரல் அகலம் குட்டை. ஷூவுக்குள் உயரத்துக்காக ஒரு தடித்த அட்டையை வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். பள்ளியில் நெட்பாலும் ஆடினாள். முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அவள் குதித்து இறங்கிய ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன்.