உப்பு டப்பாவில் ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டு உப்பு டப்பாவின் மேல் சிவப்பு நகப்பூச்சால் 'உப்பு' என்று எழுதியது என் சித்தி. வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடும் எழுத்து. தன் கல்யாணத்துக்கு முன்பு அம்மாவுக்காக எழுதிக் கொடுத்தது. இப்போது சித்தி அப்படி எழுதுவதில்லை. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தோடு சண்டை போட்டதுபோல விலகி, விறைப்பாக நிற்கும்.

டேப்லெட் எல்லோர் கைக்கும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, அப்படி ஒன்றைச் செய்ய முயன்ற சின்னக் கம்பெனி ஒன்றில் சித்தி வேலை பார்த்தாள். கண்ணாடி மேல் பேனாவால் எழுதினால் கணினி அதைப் படித்து அச்செழுத்தாக்க வேண்டும். மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகுமாம். பேனா தொலையாமலிருக்கக் கயிறு. சாப்பாட்டு நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அதில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை.

"உங்களுக்கு வர்ற மாதிரியே எழுதுங்கக்கா. அது தானா பழகிக்கும்" என்றிருந்தார் இன்ஜினியர்.

அப்படித்தான் தொடங்கினாள். சேர்த்து எழுதினால் கேள்விக்குறி விழுந்தது. உள்ளங்கை பட்டால் திரையெங்கும் கோடு. கையைத் தூக்கினாள், எழுத்தைப் பிரித்தாள், சுழியை வெட்டினாள். ஒருநாள் அது பிழையே இல்லாமல் படித்தது. இன்ஜினியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு, வாங்க வந்தவர்கள் தாங்களே எழுதிப் பார்த்தார்கள். உளறியது. சித்தி பேனாவை வாங்கி எழுதினாள்; கடகடவென்று படித்தது. மறுபடி அவர்கள் எழுத, மறுபடி உளறல்.

"அது பழகலக்கா. நீங்கதான் பழகிட்டீங்க" என்றார் இன்ஜினியர். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லையாம். சில மாதங்களில் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கிலிருந்து செக் திரும்பி வந்தது. "நான் கட்டிக்கிட்டவ இவதானான்னு பேங்க்காரனுக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சித்தி சிரிப்பதில்லை.

ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது பையில் ஒரு டேப்லெட் இருந்தது. என்னைப் பார்க்கச் சித்தப்பாவோடு வீட்டுக்கு வந்த சித்தி அதை வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினாள்.

"கயிறு எங்கடி?"

"இதுக்குக் கயிறெல்லாம் கிடையாது சித்தி. கைய நல்லா ஊணி எழுது. எப்படி எழுதினாலும் படிக்கும்."

"எப்படி எழுதினாலுமா?"

எழுதினாள். கை அந்தரத்தில் நின்றது. தனித்தனி எழுத்துகள். உடனே படித்துவிட்டது. அவள் முகம்தான் வாடியது.

"அது படிச்சிடுது. என்னோடதுதான் வரமாட்டேங்குது."

"வந்தா மட்டும்? எனக்கு லவ் லெட்டரா எழுதப்போற?" என்றார் சித்தப்பா.

"எழுதுனா கண்ணாடி இல்லாம படிச்சிடுவீங்களாக்கும்! சும்மா இருங்க." பிறகு என்னிடம், "அந்த உப்பு டப்பா இன்னும் இருக்காடி?"

உப்பைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவை எடுத்து வந்தேன். அதை எதிரில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினாள். உள்ளங்கை கண்ணாடியில் பட்டதும் துள்ளி எழுந்தது. இடக்கையால் அதைப் பிடித்து மெல்ல அழுத்தி வைத்தாள்.

எழுதினாள், அழித்தாள். டேப்லெட் ஒவ்வொரு தடவையும் சரியாகவே படித்தது. அவளுக்குத்தான் திருப்தியில்லை.

இருட்டத் தொடங்கியதும், நிமிராமலே, விளக்கைப் போடச் சொன்னாள்.