இலத்தூர்க் கிணற்றில் கண்ட ஆழ்கடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்! சாரல் காலத்தில் குற்றாலம் சென்று வந்தோர் அருவியைப் பற்றியே எழுதுவர். நானும் நீராடத்தான் புறப்பட்டேன். எனினும் அன்று முற்பகல் முழுவதும் வேறொரு நீரைப் பார்த்து நிற்க நேர்ந்தது. அதனையே இங்கு எழுதலானேன்.

1986, ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை மணி 6.40. மதுரையிலிருந்து வந்த தென்காசிப் பேருந்தில் சிவகிரியில் ஏறினேன். தொலைவு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கட்டணம் நான்கு ரூபாய். எனக்கு முன்னிருக்கையில், நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், போர்வையில் சுற்றிய நீண்ட பொருளொன்றை மடியில் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏம்மா, பிள்ளையா? மூணு வயசு தாண்டியிருந்தா அரை டிக்கெட் உண்டு, பாத்துக்கிடுங்க" என்றார் நடத்துநர்.

"கண்ணாடிக் குழாய்யா. ஒடைஞ்சா நான் வீட்டுக்கே போக முடியாது."

அவர் பெயர் மங்களம். பொறியியல் கல்லூரிப் பேராசிரியை. நான் வினவ, விளக்கினார். கடலுக்கு அடியில், மிகுந்த ஆழத்திலிருந்து எண்ணெயும் வாயுவும் ஒரே குழாயில் ஏறி வருகையில் சீராக வருவதில்லையாம். வாயு கீழே தேங்கிப் பின் எண்ணெயை மொத்தமாக உந்தித் தள்ளுமாம். மேலுள்ள தொட்டிகள் அந்த அடியைத் தாங்கமாட்டாவாம். இதனை அவருடைய கல்லூரியும் பம்பாயிலுள்ள எண்ணெய் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ஆராய்கின்றன. அத்துணை உயரக் குழாய் கல்லூரியில் இல்லை. ஆனால் இலத்தூரில், கம்ப்ரசரால் காற்றைச் செலுத்தி நீரேற்றும் இருநூற்றைம்பது அடி ஆழ்துளைக் கிணறொன்றில் இதே கோளாறு இருப்பதை அவர் கண்டிருந்தார்.

"கம்பெனி இன்ஜினியர் இன்னைக்குப் பாக்க வாராரு. அவருக்குத் திருப்தியில்லன்னா ஒப்பந்தம் இத்தோட முடிஞ்சுது. ரெண்டு வருச வேலைங்க" என்றார்.

அருவி மாலை வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். குழாயின் ஒரு முனையைத் தாங்கியபடி நானும் உடன் சென்றேன்.

மணி 9.20, இலத்தூர். தென்காசியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். கிணற்றுக்கு உரியவர் சண்முகத்தாய் என்னும் பெண்மணி. தாமே வெண்டை பயிரிடுபவர். "வாங்க டீச்சர்! அண்ணாச்சியும் காலேஜா?" என்றார். "இல்லை, குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவன்" என்றேன். "குளிக்க இங்கன வந்தியளாக்கும்!" என்று சிரித்தார்.

பம்பாய் நிறுவனத்துப் பொறியாளர் குற்றாலத்து விடுதியிலிருந்து வேனில் வந்து சேர்ந்தார்; சொந்த ஊர் சென்னை. கிணற்று வாயருகே கண்ணாடிக் குழாயைப் பொருத்தினர். மும்முனை மின்சாரம் பதினோரு மணிக்கு நின்றுவிடும் என்பதால் பேராசிரியை அவசரப்படுத்தினார்.

கம்ப்ரசர் முழங்கியது. கண்ணாடியில் முதலில் வெறுங்காற்று, பிறகு வெண்ணுரையோடு நீர் பாய்ந்து அறைந்தது, மீண்டும் காற்று. "பாத்தீங்களா சார்!" என்றார் பேராசிரியை. பொறியாளர் கடிகாரத்தைக் கையிலெடுத்தார். அவர் எண்ணத் தொடங்கிய சற்று நேரத்தில், நீர் வாய்க்கால் நீரைப்போல் சீராக ஓடலாயிற்று. கால் மணி நேரம் காத்திருந்தோம். மாற்றமில்லை.

"மேடம், இந்த நல்ல தண்ணியைப் பாக்கவா பம்பாய்லேர்ந்து வந்தேன்?"

பேராசிரியை முகம் வெளுத்துக் கம்ப்ரசரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது பம்ப் அறைக்குப் பின்னாலிருந்து முந்தானையில் கையைத் துடைத்தவாறு சண்முகத்தாய் வந்தார்.

"இப்பம் ஒழுங்கா வருதா டீச்சர்? பின்னால, தண்ணி வெளிய வார குழாயில இருக்க வால்வை ரெண்டரைச் சுத்து அடைச்சிட்டேன்."

"ஐயோ, ஏம்மா அடைச்சீங்க?"

"வெளியூர் ஆளு வந்து நிக்காவ. அவிய முன்னால இது இப்படித் துப்பிக்கிட்டுக் கெடந்தா நம்ம கெணத்துக்குல்லா கேவலம்!"

பேராசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பொறியாளரோ எழுந்து நின்றார்.

"மறுபடி தெறங்கம்மா." திறந்தார், நீர் அறைந்தது. "அடைங்க." அடைத்தார்; அடங்கியது. நான்கு முறை அவ்வாறே நடந்தது.

"அடைச்சா தண்ணி கொறையாதா?"

"எனக்கென்ன தெரியும் சார்? தெறந்து விட்டா வாய்க்கா கரைதான் உடையுது. ரெண்டரைச் சுத்து அடைச்சாலும் அதே நேரத்துலதான் வயலு பூராவும் நனையுது."

பொறியாளர் பேராசிரியையின் பக்கம் திரும்பினார். "மேடம், கோளாறைக் காட்டத்தான் கூப்பிட்டீங்க. மருந்தும் இங்கேயே இருக்கு. கடல்லயும் இது பலிக்குமா, எந்த அளவுக்கு அடைக்கணும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க. இன்னும் மூணு வருஷம் தர்றோம். சோதனை இந்தக் கிணத்துலதான்."

"வெண்டைக்குத் தண்ணி பாய்ச்சுத நாள்லதான் வரணும், சொல்லிட்டேன்" என்றார் சண்முகத்தாய். கல்லூரியும் நிறுவனமும் அந்நிபந்தனைக்கு அங்கேயே இணங்கின. சற்றைக்கெல்லாம் மின்சாரம் நின்றது.

மாலை மணி 4, குற்றாலம். அவர்கள் வேனிலேயே வந்து, பேரருவியில் வரிசையில் நின்று நீராடினேன். பின்னர் விடுதிக்குச் சென்றபோது, பொறியாளர் அன்றைய குறிப்பைப் பேராசிரியைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். 'உள்ளூர் விவசாயி ஒருவர் வால்வை அடைத்ததால்' என்றிருந்தது.

"சண்முகத்தாய் என்று எழுதலாமே?" என்றேன்.

"ரிப்போர்ட்ல பேரு போடுற வழக்கம் இல்லைங்க, பெரியவரே." அவர் பணிவாகத்தான் சொன்னார். பேராசிரியை பேனாவைத் திறந்தார். கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று கல்லூரிக்கு, மற்றொன்று நிறுவனத்துக்கு.

நாளை ஏதேனுமொரு ஆழ்கடலில் எண்ணெய் சீராக மேலேறக்கூடும். அவ்வறிக்கை பம்பாயில் ஓர் அலமாரியில் இருக்கும். வால்வை அடைத்தவர் இலத்தூர் சண்முகத்தாய் என்பது, நான் அறிந்தவரை, இத்தாளில் மட்டுமே எழுதப்பட்டுள்ளது. ஆகையால் படித்து முடித்தபின் இதனை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.