அடம் பிடிக்காத பிள்ளை

வந்த அன்றைக்கே அவள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் உருகிப்போனேன். காபி ஆறுவதற்குள் எதிர்வீட்டு டீச்சரும் அம்மா, சிலிண்டர் கொண்டுவந்தவரின் மனைவியும் அம்மா. குழந்தைகள் இல்லத்தில் சோறு போட்டவர்கள் எல்லாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய நாலு வயதுப் பிள்ளை, வேறென்ன செய்யும்? எனக்குத்தான் வயிற்றெரிச்சல். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவைக்கூட முறைத்தேன்.

தத்து உத்தரவு வரும்வரை வளர்க்கச் சொல்லி சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் பார்வையிட வந்த அதிகாரியம்மா, "பாப்பா அடம் பிடிக்குதா?" என்று கேட்டார்.

"ஐயோ, அவ தங்கம், மேடம்! சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வெச்சுடறா."

மெச்சுவார் என்று பார்த்தால் அவர் முகம் வாடியது. "அப்ப இன்னும் விருந்தாளியாத்தாங்க இருக்குது. திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம்."

அந்தப் பயத்தையா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்?

மறுநாளே அவளுக்குக் கோபமூட்டக் கிளம்பிவிட்டேன். பாகற்காய் வைத்தேன், தின்றாள். பாதி கார்ட்டூனில் டிவியை அணைத்தேன். "சரிம்மா" என்று எழுந்துபோனாள். அன்று நான்தான் அழுதேன்.

"ஊர்ல அவனவன் பிள்ளை அடம் பிடிக்குதுன்னு அழறான். நீ பிடிக்கலன்னு அழற," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எப்போதும் வேடிக்கைதான்.

இதற்கிடையே மீன்காரம்மா, தன்னை வாய் நிறைய அம்மா என்று அழைத்த பிள்ளைக்கு ஒரு குட்டி நண்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உயிருள்ள நண்டு, கொடுக்கில் நூல் கட்டியிருந்தது. அவள் அதைச் சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு யார் சொன்னார்கள்? கொசுறாகக் கொடுத்தது என்று நினைத்து, இடித்து ரசத்தில் போட்டுவிட்டேன்.

மத்தியானம் காலி மக்கைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு வீடே அதிர ஓர் அலறல். தட்டு பறந்தது. ரசம் காலண்டர் வரைக்கும் தெறித்தது.

"நீ கெட்ட அம்மா! உன்கூட டூ! போ!"

தெரு முழுக்க இத்தனை அம்மாக்கள் இருந்தும், கெட்ட அம்மா நான் ஒருத்திதான். சந்தோஷத்தில் அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டேன். "மேடம், பாப்பா என்னைத் திட்டிட்டா! தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டா!"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் என் புடவையைப் பிடித்து இழுத்து, மூக்கு ஒழுக ஒழுகக் கத்தினாள்.

"யார்கூடவும் பேசாத! நான் அழறேன்ல? தூக்கு என்னை!"

போனை ரசத்திலேயே போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டேன்.