விரலைத் துடைத்துவிட்டுத் தொடவும்

டேனியல் சார் இறந்த செய்தி வந்தபோது என் மேசையில் மின்னூல் படிக்கிற புது வாசிப்புக் கருவி ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. தீபாவளி சீசன். எங்கள் சிவகாசி அச்சகத்து வாசலில் வெடிப்பெட்டி லேபிள்கள் லோடு ஏறிக்கொண்டிருந்தன. மெஷின் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை என்று மனைவி செல்வி நேரிலேயே வந்துவிட்டாள். "டேனியல் சார் தவறிட்டாகளாம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தவுக எந்திரிக்கவே இல்லையாம்" என்றாள். மெஷினை நிறுத்தச் சொன்னேன். பிறகு என் கண் அந்தப் பெட்டிமேல் போனது. இந்தக் கருவியைப் பற்றிக் கடைசி வார்த்தை என்னுடையதுதான் என்று நினைத்தேன். துக்கத்துக்கு முன்னால் அதுதான் வந்தது. நம் வாசகர் வட்டத்து நண்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் டேனியல் சாரைப் பற்றிப் பொறாமையில்லாமல் நான் எழுதினால், வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வட்டத்தின் மாத இதழில் 'வாங்கலாமா?' பகுதியை நாங்கள் இருவரும் எழுதி வந்தோம். வாசிப்புக் கருவி, டேப், சின்ன லேப்டாப் என்று எது வந்தாலும் முதலில் என்னிடம் வரும், பிறகு அவரிடம் போகும். பக்கத்தின் மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி அவருக்கு. நான் அச்சுத் தொழில் குடும்பத்தில் பிறந்தவன். கலர் புள்ளி பார்க்கும் லென்ஸைத் திரையில் வைத்து, எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்துத் திரையின் வெண்மையை ஒப்பிடுவேன். விருதுநகர்ப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த டேனியல் சாரோ, "மல்லாந்து படுத்து வாசித்தேன். தூக்கம் கண்ணைச் சொக்கியது. கருவி மூக்கில் விழுந்தது. வலித்தது. எடை குறைந்ததாகப் பாருங்கள்" என்று எழுதி முடித்துவிடுவார். அந்தப் பக்கத்தை எல்லோரும் கீழிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவர் பெயரை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது என் தவறுதான். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. விரலை நாக்கில் தொட்டுத் தாள் தள்ளி எண்ணுவது எங்கள் தொழிலில் பிறவிப் பழக்கம். ஒரு கருவியில் எனக்குப் பக்கம் சரியாகவே திரும்பவில்லை. ஒரு தரம் நகரவே நகராது, மறு தரம் இரண்டு பக்கம் தாவி ஓடும். தொடுதிரை பழுது, வாங்க வேண்டாம் என்று காரசாரமாக எழுதிக்கொடுத்தேன். கருவியை வாங்கிப்போக வந்த டேனியல் சார் நான் அதைப் படிப்பதை எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இதழ் வந்தது. என் மேல்பாதி அப்படியே இருந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: "நல்ல கருவி. சிவகாசிக்காரர்கள் மட்டும் விரலைத் துடைத்துவிட்டுத் தொடவும்."

அதற்குப் பிறகு நான் டீக்கடைக்குப் போனால், "அண்ணாச்சி, விரலைத் துடைச்சிட்டீகளா?" என்பார்கள். பேப்பர் கடையில் கேட்டார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டார்கள். நான் போய் அவரிடம் சண்டை பிடித்தேன். "நேர்லயே சொல்லியிருக்கலாம்லா சார்?" என்றேன். "சொல்லியிருந்தா நீங்க திருத்தி எழுதியிருப்பீக. நாக்குல தொட்டுத் தாள் தள்ளுறவுக உங்களைப் போல எம்புட்டுப் பேரு இருக்காக! அவுகளுக்கு யார் சொல்லுறது?" என்றார். கோபப்படக்கூட இடம் வைக்காமல் பேசுகிற மனிதரோடு என்ன செய்வது?

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் மாரிமுத்து, நம் வட்டத்து உறுப்பினர்தான், ஒருநாள் எங்கள் இருவரிடமும் யோசனை கேட்டார். சாப்பாட்டு வேளையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து படிக்க ஒரு கருவி வேண்டும். நான் உற்சாகமாகிவிட்டேன். வெயிலில் கூசாத திரை, வாரக்கணக்கில் நிற்கும் பேட்டரி என்று ஒன்றைச் சொன்னேன். டேனியல் சார் மாரிமுத்துவைப் பார்த்து, "போனை எங்கன வச்சிட்டுப் போவீக?" என்று கேட்டார். "கேட்லதான் சார். பேட்டரி உள்ளது எதையும் உள்ள விடமாட்டாக" என்றார் மாரிமுத்து. சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப காகிதப் புஸ்தகமே வாங்கிக்கிடுங்க" என்றார் டேனியல் சார். மூன்று தலைமுறையாக அந்த ஆலைகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிறவன் நான். கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வருகிறவன். எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது டேனியல் சார், "பொருளை அப்புறம் பாக்கலாம் அண்ணாச்சி. ஆள் எங்கன உக்காந்து வாசிப்பாருன்னு முதல்ல பாருங்க" என்றார். நான் நடையை எட்டிப்போட்டு அவருக்கு முன்னால் போய்விட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்குள்ளேயே அவர் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்ந்தபோது அவளுக்குச் சின்ன லேப்டாப் ஒன்று வாங்க நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் செல்வி டேனியல் சாருக்குப் போன் போட்டுக் கேட்டு, வாங்கியும் வந்துவிட்டாள். "வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன்லா?" என்று கத்தினேன். "நீங்க சொன்னா எனக்குத் தலை சுத்துது. அவுக ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக. பிள்ளைக்கு விடுதியில மேல் கட்டிலா கீழ் கட்டிலான்னு" என்றாள் செல்வி. மேல் கட்டில். ஆகவே எடை குறைவாக, வயர் இல்லாமல் நாள் முழுக்கத் தாங்கக் கூடியதாக, சூடேறாததாக வாங்கச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு மேல் கட்டில் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த லேப்டாப்பை ஒரு நாள் முழுக்க வைத்துக் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை.

என் பொறாமை அவருக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? ஒருமுறை வட்டத்துக் கூட்டத்தில் எல்லோரும் அவரைப் பாராட்டியபோது எழுந்து, "அண்ணாச்சி மேல எழுதலைன்னா எனக்குக் கீழ எழுத ஒண்ணுமே கிடையாது" என்றார். அதற்கும் கைதட்டல் அவருக்குத்தான். அடக்கத்திலும் முந்திக்கொண்டார் மனுசன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, நம் உறுப்பினர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு வருத்தப்பட்டார்கள். "இனிமே ஏதாவது வாங்கணும்னா யாருகிட்ட அண்ணாச்சி கேக்குறது?" என்று என்னிடமே கேட்டார்கள். கேட்டது ஒருவர் இல்லை, நான்கைந்து பேர். பெயர் சொல்ல மாட்டேன், அவரவருக்குத் தெரியும். மேல்பாதி எழுதுகிற ஆள் உயிரோடு, சட்டையில் மண்ணோடு, உங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

போன வாரம் விருதுநகரிலிருந்து நர்ஸ் ஒருவர் போன் செய்தார். தினமும் டியூட்டி முடிந்து ஊருக்குப் போகும்போது படிக்க என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டார். லென்ஸ் பார்த்த கதையைத் தொடங்க வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "பஸ்ல உக்காந்து போவீகளா, நின்னுக்கிட்டுப் போவீகளா?" என்று கேட்டேன். "எங்க அண்ணாச்சி உக்கார இடம் கிடைக்கு? ஒரு கையில கம்பி, ஒரு கையில புஸ்தகம்" என்றார். அப்படியானால் ஒரு கையில் அடங்குகிறதாக, கட்டைவிரலால் அமுக்கிப் பக்கம் திருப்ப ஓரத்தில் பட்டன் வைத்ததாக வாங்கச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். "டேனியல் சாரே சொன்ன மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார். வாழ்நாளில் ஒரே ஒரு தரம் சரியாகச் சொன்னேன். அந்தப் பெயரும் அவருக்கே போய்விட்டது.

போனை வைத்துவிட்டு மேசையில் கிடந்த பெட்டியைப் பிரித்தேன். இந்த மாதம் மேல்பாதியும் நான்தான், கீழ்ப்பாதியும் நான்தான். ஆசைப்பட்ட முழுப் பக்கம் கைக்கு வந்துவிட்டது. நான் எழுதினால் கீழே வந்து கவிழ்க்க ஆளில்லை என்றால், நான் எதற்கு அவ்வளவு கவனமாக எழுத வேண்டும்? அவர் முந்திவிடுவாரே என்ற பயத்தில்தான் நான் ஒவ்வொரு கருவியையும் அப்படிப் பார்த்தேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தப் பொறாமைதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன், பங்கு கேட்டு யாரும் வர வேண்டாம்.

கருவியை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. திரையில் குறை என்று குறித்துக்கொள்ளப் போனேன், திரையில் இல்லை. கண்ணை விரலால் துடைத்துக்கொண்டு அதே விரலால் தொட்டேன். பக்கம் நகரவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டேன். திரும்பியது.