ஒரே கொம்பியூட்டரில் இரண்டு ஜாவா

ஒரு கொம்பியூட்டரில் இரண்டு ஜாவா இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். சில புரோகிராம்கள் ஓடுவதற்கு அடியில் இருக்கவேண்டிய மென்பொருள்தான் ஜாவா. குருவிட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஒபீசில் நான் கிளார்க். கொழுந்து நிறுக்கும் புதிய புரோகிராம் புதிய ஜாவா கேட்டது. சண்டை வேண்டாமென்று பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

மறுநாள், தேயிலை அனுப்பும் பத்திரம் அச்சடிக்கிற பழைய புரோகிராம் திறக்கவில்லை. பத்திரம் இல்லாமல் லொறி கொழும்புக்குப் போக முடியாது. வேலை போய்விட்டதென்றே முடிவுகட்டி, மேசையிலிருந்த சாமி படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தேயிலை ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வாசலில் வந்து நின்றார். "என்னாங்க கிளாக்கரையா, லொறி டிரைவர் காத்துக்கிட்டு டீ குடிக்கிற குடியில ஏத்துன தேயிலையே தீந்துரும் போல!"

இரத்தினபுரியில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த பள்ளித் தோழனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஏன்டா அழிச்ச?"

"ரெண்டும் சண்டை போடும்னுதான்..."

"ஒங்க தோட்டத்துல பெரிய தொரையும் சின்ன தொரையும் சண்டையா போடுறாங்க?"

"போடுவாங்கடா."

"இருந்தாலும் ஆளுக்கொரு பங்களா இருக்குல்ல? அதே மாதிரி ஆளுக்கொரு போல்டர் குடு. எந்தப் புரோகிராம் எந்தத் தொரைக்கிட்ட போகணும்னு மட்டும் காட்டிவிடு."

அவன் சொல்லச் சொல்ல, மேசை லாச்சியில் கிடந்த சீடியிலிருந்து பழைய ஜாவாவைத் தனி போல்டரில் ஏற்றி, பழைய புரோகிராமுக்கு அதைக் காட்டிவிட்டேன். பத்திரம் அச்சாகி வந்தது. லொறி பகல் சாப்பாட்டுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. இரண்டு ஜாவாவும் அந்தக் கொம்பியூட்டரில் கடைசிவரை ஒன்றாகவே இருந்தன.